பதினோராம் லைன் போட்ட புள்ளடி

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொன்னால் சுப்பர்வைசர் கூப்பிட்டு மறிப்பார். மனிதவளப் பிரிவு மிஸ் கூப்பிட்டு, ஒரு மாத அறிவித்தல் எங்கே என்று கேட்பார். அதனால் சம்பளம் வங்கியில் விழும்வரை ஒழுங்காக வருவார்கள். அடுத்த நாள் காலை கம்பனி பஸ்ஸில் ஒரு சீற் காலியாக இருக்கும்.

போகிறவள் ஒரேயொரு அடையாளம் வைத்துவிட்டுப் போவாள். தையல் மெஷினுக்கு முன்னால் எங்களுக்குப் போட்டிருப்பது வெறும் பலகைக் கதிரை. ஒன்பது மணித்தியாலம் அதில் இருக்க ஏலாது என்று, வெட்டு மேசையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை அடைத்து ஒவ்வொருத்தியும் தனக்கு ஒரு மெத்தை தைத்துக்கொள்வாள். வெளிவாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால் மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடைசி நாள் பின்னேரம், மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, அவள் தன் மெத்தையைத் தனக்கு மிக வேண்டியவளின் கதிரையில் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் தன் கதிரையில் இரண்டு மெத்தையைக் காண்கிறவள், லைன் முழுக்கப் பார்த்திருக்க, அழாமல் அதன் மேல் ஏறி இருக்க வேண்டும். எங்கள் பிரியாவிடை அவ்வளவுதான்.

நான் அங்கே போனது மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான். உயர்தரப் பரீட்சையில் கலைப்பிரிவு. சித்தியடைந்தேன், ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறியது. இரண்டாம் முறையும் அதே கதை. உருத்திரபுரத்தில் வீட்டில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எதையாவது செய்ய வேண்டும், இன்றைக்கே செய்ய வேண்டும் என்ற அரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கணினி வகுப்புக்குப் போனேன், ஆங்கில வகுப்புக்குப் போனேன், இரண்டு சான்றிதழையும் அலுமாரியில் வைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். பாடசாலை விவாத அணியில் நான்தான் முதற்பேச்சாளர். எந்தப் பக்கத்தைத் தந்தாலும் பேசுவேன், பேசிப் பேசி அதை நானே நம்பியும் விடுவேன். அந்தக் குணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பு வேறொருவர் விலை கொடுத்தார்.

என்னைப் பதினோராம் லைனில் போட்டார்கள். மொத்தம் இருபத்தெட்டுப் பேர். ஒரு சேர்ட் எங்கள் லைனின் தலைப்பில் துண்டு துண்டாகப் புறப்பட்டு, வாலில் முழுச் சேர்ட்டாக வந்து விழும். நான் கைமடிப்புத் தைப்பேன். எனக்கு முன்னால் காலர் தைக்கும் அக்கா, முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். லைனில் எல்லாருக்கும் அவர் காலர் அக்காதான். எனக்குப் பின்னால் பொத்தான் துளை போடுகிற ஓமந்தைக்காரி. என் வயதுதான். கிளிநொச்சியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது.

முதல் மாதம் நான் கைமடிப்பைத் தலைகீழாகத் தைத்துக் குவித்தேன். கொம்பியூட்டர் படித்த கை, பெடல் மிதிக்கிற கால் சொல்வதைக் கேட்கவில்லை. சுப்பர்வைசர் மற்றப் பக்கம் திரும்பும்போதெல்லாம் காலர் அக்கா என் குவியலில் இருந்து நாலைந்தை இழுத்துத் தன் மடியில் வைத்து, தன் காலர்களுக்கு நடுவில் என் பிழையையும் பிரித்துத் தருவார்.

"உயர்தரம் படிச்ச பிள்ளைக்கு இடக்கை எது வலக்கை எது எண்டு சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்று பின்னாலிருந்து ஓமந்தைக்காரி கேட்பாள்.

"கலைப்பிரிவடி அது. கை கால் எல்லாம் விஞ்ஞானப் பிரிவிலதான்," என்பார் அக்கா திரும்பிப் பாராமலே.

அப்படித்தான் மூன்று மாதம் மூன்று வருடமானது. நடுவில் ஒருமுறை வவுனியாவில் ஒரு லீசிங் கம்பனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சந்தியில் நின்றேன். வவுனியா பஸ்ஸுக்கு முன்னால் கம்பனி பஸ் வந்தது. யன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு அக்கா கையைக் காட்டினார். ஏறிவிட்டேன். அன்றைக்கு அக்காவின் கத்தரிக்காய்க் குழம்பு. நேர்முகத்தை விட்டுவிட்டு வந்ததைச் சாப்பிடும்போதுதான் சொன்னேன். ஓமந்தைக்காரி சோற்றுக் கையால் என் தலையில் குட்டினாள். அக்கா தன் பொரியல் முழுவதையும் என் பக்கம் தள்ளினார்.

போன வருடம் மாரி தொடங்கும் நேரம், அதே கன்டீன் மேசையில் அக்கா ஜோர்தான் கதையை எடுத்தார்.

"வவுனியா ஏஜென்ட் போன் எடுத்தவர். ஜோர்தானிலயும் எங்கட மாதிரிக் கார்மென்ட்தானாம். மூண்டு வருசம். இஞ்ச எடுக்கிறதில மூண்டு மடங்கு தருவினமாம்."

"மூண்டு வருசம் எண்டா சின்னவள் உங்களை அன்ரி எண்டுதான் கூப்பிடுவாள்," என்றாள் ஓமந்தைக்காரி.

"வாயை மூடு."

"உள்ளதைத்தானே சொல்லுறன். நீங்கள் போனா எனக்கு ஆர் குழம்பு தாறது? இவளின்ர பருப்பை மனிசர் தின்னுவினமே?"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு ஐயாயிரம் கூட்டினாக் காணும், நான் ஏன் பிள்ளையளை விட்டிட்டுப் போறன்? இவருக்கு மேசன் வேலை மாசத்தில பத்து நாள்தான். கட்டின வீட்டுக்கு இன்னும் சாந்து பூசேல்ல, மழைக்குச் சுவர் ஊறுது. ஏஜென்டிட்ட ரெண்டு மாசம் தவணை கேட்டிருக்கிறன். அதுக்குள்ள சம்பளம் கூடினா நிப்பன். இல்லாட்டிப் போறன்."

பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நாலு. போனால் தன் தங்கச்சி வந்து பிள்ளைகளோடு நிற்பாள் என்றார். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது.

சம்பளம் கூடும் என்ற கதை அப்போது தொழிற்சாலைக்குள் பலமாக அடிபட்டது. இரண்டு கிழமையில் ஒரு நாள் தேத்தண்ணி நேரம், மனிதவளப் பிரிவு மிஸ் கன்டீனுக்கு வந்து எல்லாருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், லைன் இலக்கம் மட்டும் போதும். இதை வைத்துத்தான் அடுத்த வருடத்துத் தீர்மானங்களை எடுப்போம் என்றார். பெரும்பாலும் பஸ், கழிவறை, சாப்பாடு பற்றிய கேள்விகள். இரண்டாவது கேள்விதான் கேள்வி: நீங்கள் இங்கே தொடர்ந்து வேலை செய்வதற்கு உங்களுக்கு மிக முக்கியமானது எது? சம்பளம், நண்பர்கள், போக்குவரத்து, உணவு, வேறு; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதுரக் கூடு. ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடவும்.

"இதில என்ன யோசினை? காசு," என்று ஓமந்தைக்காரி பேனாவை எடுத்தாள்.

"பொறு," என்றார் அக்கா. "காசு எண்டு போட்டா, காசுக்கு அலையிறாளவை எண்டு நினைக்கமாட்டினமே?"

எங்கள் லைன் முழுக்க இருந்த அந்த நீண்ட மேசையில் அத்தனை பேரும் பேனாவை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்தவனிடம் கூலி எவ்வளவு என்று கேட்டால், "பாத்துத் தாங்கோ" என்பான். தொகையை வாயால் சொல்வது அவனுக்கும் வெட்கம், கேட்கிறவருக்கும் சங்கடம். காலர் அக்காவின் புருஷன் ஒரு வீட்டின் சுவர் முழுக்கக் கட்டிவிட்டு, "பாத்துத் தாங்கோ" என்று சொல்லி, அவர்கள் பார்த்துத் தந்ததை வாங்கிக்கொண்டு வருகிற மனிதர். அக்கா வீட்டில் அதற்காக அவரோடு சண்டை பிடிப்பார். இங்கே கன்டீனில் தாளைக் கண்டதும் அக்காவுக்கும் அதே வாய்தான் வந்தது.

நான் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். வெட்கப்பட்டவர்கள் வெட்கப்பட்டு, துணிந்தவர்கள் துணிந்து, ஆளுக்கொரு கூட்டில் புள்ளடி போட்டிருப்பார்கள். எனக்கோ அந்த நிமிடமே ஒரு யோசனை உதித்து, உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து நின்றேன்.

"காசு எண்டு எல்லா லைனும் போடும். அவைக்கு அது கேட்டுப் பழகிப்போன கதை. நாங்கள் ஒராள் விடாம நண்பர்கள் எண்டு போடுவம். இவ்வளவு ஒற்றுமையான லைனை உடைய விடக்கூடாது, இதை உடைக்கிறது சம்பளம்தான் எண்டு அவையே விளங்கிக்கொள்ளுவினம். வாய் திறந்து கேக்காமலே கூட்டித் தருவினம்."

"கேட்டே தராதவை கேக்காமத் தருவினமோ?" என்றாள் ஓமந்தைக்காரி. "உனக்கு விசரடி."

"இது உளவியல்."

"என்ன கோதாரியோ. உங்கட முகங்களைப் பாக்கவே நான் விடிய நாலரைக்கு எழும்பிறன்?"

"ஓம் எண்டு சொல்லன். பொய்யே?" என்றார் அக்கா. மேசை சிரித்தது. ஓமந்தைக்காரியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு வாக்கெடுப்பு முடிந்தது. பொய்யும் இல்லையே. நாங்கள் அங்கே நின்றது ஒருவருக்கொருவர் முகம் பார்க்கத்தான்.

லைனில் பலர் எழுத்தைக் கண்டால் என்னிடம் நீட்டுவார்கள். அன்றைக்கும் நீட்டினார்கள். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் புள்ளடி என் பேனாவால் போட்டது. காலர் அக்காவின் தாளும் நான்தான். கடைசியாக ஓமந்தைக்காரி தன் தாளை என் முன்னால் போட்டாள். "என்ர கையால போடமாட்டன். நீயே போட்டுக்கொள்." போட்டேன்.

அந்த இரண்டு மாதமும் அக்கா ஜோர்தான் கதையே எடுக்கவில்லை. காலரைத் திருப்பிக்கொண்டே கணக்குப் பார்ப்பார்: முதலில் முன்சுவருக்குச் சாந்து, பிறகு பிள்ளைகள் படுக்கிற அறை. "கூட்டினா எவ்வளவு கூட்டுவினம் எண்டு நினைக்கிறாய்?" என்று என்னிடம் கேட்பார். நான் படித்தவள் அல்லவா. ஐயாயிரத்துக்குக் குறையாது என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே தெரியவில்லை.

தவணை முடிய நாலு நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். திரை கட்டியிருந்தது. மிஸ் கொழும்பிலிருந்து வந்தவர். நல்லவர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எங்கள் எல்லாரின் பெயரும் அவருக்குத் தெரியும். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவராகவே லீவு போட்டுத் தந்தவர். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

திரையில் கோடுகள் வந்தன. நண்பர்கள் என்ற கோடு மேல்விளிம்பைத் தொட்டது. சம்பளம் அதற்குப் பக்கத்தில் குட்டையாக நின்றது. மற்ற லைன்களிலும் எங்களைப் போல வெட்கப்பட்டவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும். அந்தக் கன்டீனில் இருந்த அத்தனை பெண்களும் பார்த்துத் தாங்கோ என்று எழுதிக் கொடுத்திருந்தோம்.

"அதிலும் பதினோராம் லைனைப் பாருங்கள்," என்றார் மிஸ். "இருபத்தெட்டுப் பேரும் ஒரே பதில். வேறு எந்தத் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு லைனை நான் பார்த்ததில்லை."

கைதட்டினார்கள். இனி மாதத்தில் ஒரு நாள் நட்பு நாள் என்றார். கேக் உண்டு, பாட்டுப்போட்டி உண்டு, லைனுக்கு ஒரு நிறத்தில் ரீசேர்ட் உண்டு. அடுத்த விஷயத்துக்குப் போனார். கழிவறை.

நான் கையை உயர்த்தினேன். "மிஸ், சம்பளம் கூட்டுறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல."

அவர் முகம் சுழிக்கவில்லை. "அதையும்தானே தங்கச்சி கேட்டோம். உங்களுக்கு எது மிக முக்கியம் என்று நீங்கள் சொன்னீர்களோ, அதைத்தான் முதலில் செய்கிறோம்."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு இடம் இருக்கவில்லை. எந்தப் பக்கம் தந்தாலும் பேசுகிறவள் நான். உயர்த்திய கையை இறக்கினேன். இருந்துவிட்டேன்.

பிறகு படம் எடுக்க எங்கள் லைனை முன்னால் கூப்பிட்டார்கள். கேக்கை யார் பிடிப்பது என்று கேட்டபோது எல்லாரும் காலர் அக்காவைத் தள்ளிவிட்டார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவர் சிரித்தார்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பரந்தன் சந்தி தாண்டியபோது சொன்னேன்.

"அக்கா, என்ர பிழை."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வயல்களில் மழைத்தண்ணீர் நின்றது.

"நீ படிச்சனி எண்டு நம்பினனான்," என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நாலு நாளும் அவர் வேலைக்கு வந்தார். குழம்பும் கொண்டுவந்தார். சம்பளம் விழுந்த மறுநாள் பஸ்ஸில் யன்னலோரம் வெறுமையாக இருந்தது. ஓமந்தைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் மெத்தை அவளுடைய கதிரையில்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். என்னுடைய கதிரையில் இருந்தது. கபில நிறத்தில் கட்டம் போட்ட மெத்தை. காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியின் வெட்டுத்துண்டுகளை அடைத்திருந்ததால் மற்ற மெத்தைகளைப் போல மெத்தென்று இராது, குத்தும். மன்னித்துத்தான் வைத்தாரா, மறக்காதே என்று வைத்தாரா, எனக்குத் தெரியாது. ஏறி இருந்தேன். அன்றைக்குக் கைமடிப்பு எதையும் நான் தலைகீழாகத் தைக்கவில்லை. தைத்தாலும் பிரித்துத் தர முன்னால் ஆள் இல்லை.

ஓமந்தைக்காரி இரண்டு மாதம் நின்றாள். பிறகு அவள்தான் வழக்கத்தை மீறி வாயால் சொன்னவள்.

"வவுனியாவில ஒரு சுப்பர் மாக்கெட்டில எடுத்திருக்கினம். ரெண்டாயிரம்தான் கூட. ஆனா வீட்டில இருந்து போய்வரலாம்."

"ரெண்டாயிரத்துக்கோ போறாய்?"

"இல்லையடி. அக்கா இல்லாத மேசையில சோறு இறங்குதில்ல." கொஞ்ச நேரம் பொத்தானைச் சுண்டிக்கொண்டிருந்தாள். "என்னை மறியாத. நீ கதைச்சா நான் நிண்டிடுவன். அதுதான் பயம்."

நான் கதைக்கவில்லை. இனி யாரையும் மறிக்க எனக்கு வாயில்லை. மறுநாள் கதிரையில் மூன்றாவது மெத்தை இருந்தது. மூன்றின் மேல் ஏறி இருந்தால் மெஷின் பெடலுக்குக் கால் சரியாக எட்டவில்லை, தையல் கோணிக்கொண்டு ஓடியது.

"பிள்ளை, உதென்ன சிம்மாசனமே? இறக்கு," என்றார் சுப்பர்வைசர்.

இரண்டை எடுத்து மேசைக்குக் கீழே, கூட்டுகிறவர்களின் கண்ணில் படாமல் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. விரல் அடையாளம் வைக்கிற மெஷினுக்கு மேலே அந்தப் படமும் இருக்கிறது. காலையில் விரலை வைக்கும்போது கேக் தட்டோடு அக்கா சிரிக்கிறார். படத்தில் இருக்கிற இருபத்தெட்டுப் பேரில் லைனில் மிச்சம் பதினேழு பேர்.

நீ ஏன் நிற்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். சம்பளம் கூடவில்லை, சிநேகிதிகளும் இல்லை. விடிய ஐந்தே முக்காலுக்குப் பஸ் சந்திக்கு வருகிறது, ஏறுகிறேன். அதற்கு அந்தத் தாளில் கூடு இல்லை.

போன மாதம் ஜோர்தானிலிருந்து அக்காவின் குரல் வாட்சப்பில் வந்தது. பின்னால் மெஷின்கள் இரைந்தன. சுகமா என்று கேட்டார், சாப்பாடு சரியில்லை என்றார், பிறகு, "பெரியவளின்ர பள்ளிக்கூடத்தில ஏதோ படிவம் குடுத்திருக்கினமாம். தங்கச்சிக்கு விளங்கேல்லையாம். நீ ஒருக்காப் போய் நிரப்பிக் குடுப்பியே?" என்றார். படிவம் என்றால் இன்னமும் என்னைத்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். முன்சுவருக்குச் சாந்து பூசியிருந்தது. பெரியவள் கதிரை கொண்டுவந்து போட்டு, தாளையும் பேனாவையும் என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் விபரம். பெயர், வகுப்பு, பாதுகாவலர் எல்லாம் எழுதினேன். கடைசி வரி: தாய் வெளிநாடு சென்ற காரணம். அதற்குக் கீழே கூடுகள் இல்லை, ஒரு வெறுங்கோடு.

குடும்பப் பொருளாதார நிலைமை என்று எழுதலாம். பிள்ளைகளின் எதிர்காலம் என்று எழுதலாம். அழகான சொற்கள் எனக்கு எப்போதும் வரும். பேனா அந்தக் கோட்டில் இறங்கவில்லை. அதே பேனா இல்லை, ஆனால் அதே கை.

"என்னக்கா, தெரியாதே?" என்றாள் பெரியவள். "தாங்கோ, நான் எழுதுறன்."

பேனாவை வாங்கி, குனிந்து, உருண்டை எழுத்தில் எழுதினாள்: காசு.

இருபத்தெட்டுப் பேர் எழுதக் கூசிய சொல். அவள் இரண்டு எழுத்தாக எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"சரியே?"

"ஓம்," என்றேன். "சரி."

அவள் தாளைப் பையில் வைக்க உள்ளே ஓடினாள். சின்னவள் வந்து கதவில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவோடு வேலை செய்தவள் என்றேன்.